பம்ப் என்று சொல்லாதவன்

காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது ஐந்து காலிக் கட்டங்களை. செல்போனில் தினமும் ஓர் ஆங்கிலச் சொல்லை ஒளித்து வைக்கிறார்கள். ஐந்து எழுத்துச் சொல். ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாம் ஒரு சொல்லைப் போட்டால், சரியான இடத்தில் நிற்கும் எழுத்து பச்சையாகும். சொல்லில் இருந்தும் இடம் மாறி நிற்பது மஞ்சளாகும். இல்லாத எழுத்து சாம்பல் நிறமாகிவிடும். ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் அது எனக்காகவே யாரோ உட்கார்ந்து செய்தது போல இருக்கிறது.

நான் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓர் அங்குல நூலில் எத்தனை முறுக்கு என்று எண்ணிச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. வேலைக்கு ஓய்வு கொடுத்தார்கள். எண்ணுவதற்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. தட்டில் விழும் இட்லியை எண்ணுவேன். மாத்திரை அட்டையைத் தடவி எண்ணுவேன். பேருந்தில் ஏறினால் நிறுத்தங்களை எண்ணுவேன். "எண்ணி எண்ணித் தின்னா ஒடம்புல ஒட்டாதுங்க" என்று என் மனைவி சொல்லாத நாள் இல்லை. எண்ணாமல் தின்றால் மட்டும் எங்கே ஒட்டிவிட்டது என்று நானும் கேட்காத நாள் இல்லை.

இந்த ஆட்டத்தில் எனக்கு ஓர் எதிரி உண்டு. என் மனைவியின் தம்பி. வெள்ளகோவில் பக்கம் தென்னந்தோப்பும் எண்ணெய் ஆலையும் வைத்திருக்கிறான். அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்தவன். தேங்காய்ப் பருப்புக்கு நடுவில் அந்தப் படிப்பு வேலையில்லாமல் கிடந்தது. இந்த ஆட்டம் வந்ததும் அதற்கு உயிர் வந்துவிட்டது. விடிந்ததும் அவன் குரல் செல்போனில் வந்து உட்கார்ந்திருக்கும்.

"மச்சான், நான் மூணுல முடிச்சுப்போட்டேனுங்க. நீங்க இன்னும் பல்லு வெளக்கிட்டு இருக்கறீங்களா?"

எனக்கு முறை உண்டு. முதல் சொல் எப்போதும் 'ஸ்டேர்'. எஸ், டி, ஏ, ஆர், இ. ஐந்தும் ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்துகள். அவனுக்கு முறையும் கிடையாது, மண்ணும் கிடையாது. காலையில் கண்ணில் படுவதைப் போடுவான். ஒரு நாள் 'கோட்ஸ்' என்று ஆட்டை முதல் சொல்லாகப் போட்டு, அடுத்த சொல்லிலேயே விடையைப் பிடித்துவிட்டான். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது திறமை இல்லை, குருட்டு அதிர்ஷ்டம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இந்த ஐந்து எழுத்து என்னை என் வீட்டை விட்டே கிளப்பிவிடப் பார்த்ததையும், பிறகு அதுவே என்னைத் திரும்ப உட்கார வைத்ததையும் பற்றி.

தை மாதத்தில் ஒரு கல்யாணம். மச்சினனோடு தொழில் செய்கிறவர் வீட்டுப் பெண்ணுக்கு. மண்டபம் அவிநாசி சாலையில். என் மனைவி முந்தின நாள் மாலையே தம்பி குடும்பத்தோடு போய்விட்டாள். நான் காலையில் தனியாகப் பேருந்தில் போனேன். போகும்போதுதான் அன்றைய சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நான்கு முயற்சி முடிந்திருந்தது. பின்னால் உள்ள ஐ, ஜி, எச், டி நான்கும் பச்சை. முதல் எழுத்து மட்டும்தான் தெரியவில்லை. நைட், ரைட் போன்றவை முன்பே கழிந்துவிட்டன. ஃபைட்டாக இருக்கலாம், லைட்டாக இருக்கலாம், மைட்டாக இருக்கலாம். சொல் மூன்று, முயற்சி இரண்டு. குத்துமதிப்பாகப் போட்டால் தோற்கவும் செய்யலாம்.

இப்படிப்பட்ட நேரத்தில் கெட்டிக்காரர்கள் ஒரு முயற்சியைப் பலி கொடுப்பார்கள். விடையாக இருக்கவே முடியாத ஒரு சொல்லை, எழுத்துகளைச் சோதிப்பதற்காக மட்டும் போடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. தெரிந்தே தப்பு எழுதுவதற்கு எனக்குக் கை வராது. வேறு வழியும் இல்லை. எஃப், எல், எம் மூன்றும் ஒன்றாக வரும் ஐந்தெழுத்துச் சொல் எது? அந்த யோசனையோடுதான் இறங்கினேன். நடந்தேன். வாழைமரம் கட்டிய வாசலுக்குள் நுழைந்தேன்.

வாசலில் பட்டு வேட்டி கட்டிய ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க. ஊட்ல அவங்க வரலீங்களா?"

"நேத்தே வந்துட்டாங்களே" என்றேன்.

"அப்ப நீங்க மொதல்ல சாப்புடுங்க. பந்தி போட்டாச்சு."

எங்கள் பக்கத்துக் கல்யாண வாசலில் யாரும் யாரையும் 'நீங்க யாரு' என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் அவமரியாதை. வந்தவரைச் சாப்பிட வைத்த பிறகுதான் மற்றதெல்லாம். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இலை போட்டார்கள். இட்லி, பொங்கல், வடை எல்லாம் வந்தன. நான் எஃப், எல், எம் என்று இலையின் ஓரத்தில் விரலால் எழுதிக்கொண்டிருந்தேன். பாயசம் ஊற்றும்போது சட்டென்று வந்தது. ஃபிலிம்ஸ்! எஃப், ஐ, எல், எம், எஸ். இடது கையாலேயே தட்டிவிட்டேன். எல் மஞ்சளானது. அடுத்ததாக லைட் போட்டேன். ஐந்து கட்டமும் பச்சை.

அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் மச்சினன் கூப்பிட்டான்.

"எங்கீங்க மச்சான் இருக்கறீங்க?"

"பந்தியில இருக்கேன்."

"நானும் பந்தியிலதானுங்க இருக்கேன். உங்களக் காணமே?"

"கடைசி வரிசை. பாயசம் ஊத்தறாங்க பாரு."

"இங்க பாயசமே இல்லீங்க மச்சான். கேசரியில்ல போட்டிருக்கறாங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஒரே முதலாளி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்டபம் கட்டி, இரண்டுக்கும் ஒரே மாதிரி வளைவு வைத்திருக்கிறார். நான் உட்கார்ந்திருந்தது அடுத்த மண்டபத்தில். எழுந்து கை கழுவப் போனபோது, வாசலில் வரவேற்ற அதே மனிதர் வெற்றிலைத் தட்டை நீட்டி, "அடுத்த வாரம் மறுவீட்டுக்கும் வந்துருங்க" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது?

மச்சினன் இந்தக் கதையை வெள்ளகோவிலில் இருந்து சென்னிமலை வரை பரப்பினான். சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவன் ஒருவன்தான். பெங்களூரில் கணினி வேலையில் இருக்கும் என் மகன். அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டான்.

"மண்டபம் மாறி உக்காந்து சாப்புட்டு வந்திருக்கறீங்கப்பா. இது சிரிக்கற விஷயமா?"

"யோசனையில இருந்தேன் கண்ணு."

"அதத்தான் நானும் சொல்றேன். ஒரு டாக்டரப் பாத்துரலாம். ஒண்ணுமில்லைன்னா சந்தோஷம். ஏதாச்சும் இருந்தா, ரெண்டு பேரும் எங்கூட பெங்களூர் வந்துருங்க. இந்த ஊட்ட வாடகைக்கு விட்டுரலாம்."

பெங்களூர் என்றதும் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் இருப்பது பன்னிரண்டாவது மாடி. அவள் ஒரு முறை போய் மூன்று வாரம் இருந்தாள். "அங்க நான் யாருகூடப் பேசறது? லிப்டுகூடயா?" என்று கேட்டபடியே ஊர் திரும்பினாள். எனக்கும் அப்படித்தான். சிங்காநல்லூரில் இருக்கும் இந்த வீடு நான் செங்கல்லை எண்ணிக் கட்டியது. ஆனால் மகனின் பயத்தை என்னால் பொய் என்று தள்ள முடியவில்லை. அவனுடைய நண்பன் ஒருவனின் தகப்பனார் இப்படித்தான் வழி தவறி, இரண்டு நாள் கழித்துக் கிடைத்தார். அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியது. சரி, போகலாம் என்றேன்.

டாக்டர் ஓர் இளம்பெண். பேச்சில் மரியாதை இருந்தது. கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அவர் போதும் என்று சொன்ன பிறகும் கழித்துக்கொண்டே போய் இரண்டில்தான் நின்றேன். பிறகு கேட்டார்.

"ஒரு எழுத்து சொல்வேன் சார். அதுல ஆரம்பிக்கற வார்த்தைங்கள சொல்லணும். தமிழ்ல சொல்றீங்களா, இங்கிலீஷ்லயா?"

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. தினமும் இதுதானே என் வேலை? "இங்கிலீஷ்லயே கேளுங்க" என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே.

"பி எழுத்து. ஆள் பேரு, ஊர்ப் பேரு வேண்டாம். ஒரு நிமிஷத்துல எவ்வளவு வருதோ அவ்வளவும் சொல்லுங்க."

சொன்னேன். பேப்பர். பிளேட். பவர். பார்ட்டி. நடுவில் சொற்கள் வந்தன, நின்றன, போய்விட்டன. தப்பான வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது போல. ஏன் போகின்றன என்று எனக்குப் புரியவில்லை. பைலட். பிரஸ். பாயிண்ட். பவுண்ட். பிளான்ட். மணி அடித்துவிட்டது.

நன்றாகச் செய்துவிட்டதாகவே நினைத்து நாற்காலியில் சாய்ந்தேன். டாக்டர் என் மகனைப் பார்த்துப் பேசினார்.

"கணக்கெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா சொல் எடுக்கறதுலதான் தடுமாற்றம் தெரியுது. ஒரு நிமிஷத்துக்கு ஒம்பது வார்த்தைதான். சார் படிச்சவங்க, தெனம் இங்கிலீஷ் பேப்பர் பாக்கறவங்க. அவங்களுக்கு இது கம்மி." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "கோயம்புத்தூர்லயே இருந்துட்டு பம்புகூட உங்களுக்கு வரலீங்களே சார்?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பம்பு செய்யும் பட்டறை இல்லாத தெரு இந்த ஊரில் எத்தனை இருக்கும்? எங்கள் தெருவிலேயே மூன்று இருக்கின்றன. தினம் காலையில் அவற்றைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறேன்.

"இப்பவே எதுவும் முடிவா சொல்ல முடியாது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம். அதுவரைக்கும் தனியா மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

திரும்பி வரும்போது காரில் மகன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "பம்புகூடவாப்பா வரல?" அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை வாசல் கேட்டில் 'டு லெட்' பலகை தொங்கியது. அவன் வேலையை இங்கிருந்தே பார்ப்பதாகச் சொல்லி, எங்களைக் கையோடு அழைத்துப் போகத் தங்கிவிட்டான். நான் பலகைக்கு முன்னால் போய் நின்றேன். டி, ஓ, எல், இ, டி. ஐந்து எழுத்து. ஆனால் இரண்டு சொல், அதனால் ஆட்டத்தில் செல்லாது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் நோய்க் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். அன்று முதல் காலைக் கட்டங்களையும் திறக்கவில்லை. மச்சினன் அனுப்பிய குரல்களைக் கேட்காமலே விட்டேன்.

என் மனைவி பாத்திரங்களைப் பிரித்து வைக்கத் தொடங்கினாள். கொண்டு போவது ஒரு பக்கம், கொடுத்துவிடுவது ஒரு பக்கம். கொடுப்பதற்கு எடுத்து வைத்ததை எல்லாம் மதியம் வந்து மறுபடி கொண்டு போகும் பக்கத்துக்கே மாற்றினாள்.

நான்காம் நாள் மச்சினனே வந்து இறங்கினான். ஒரு கையில் பிரெட் பாக்கெட், இன்னொரு கையில் ஆரஞ்சுப் பழம். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனைப் பார்க்க வருவது போல.

"என்ன மச்சான், நாலு நாளா ஆட்டத்துக்கு வரலீங்க? தோத்துப்போட்டேன்னு சொல்லிட்டா உட்டுருவனுங்களே?"

"டாக்டர் சொன்னது தெரியுமல்ல உனக்கு?"

"அக்கா சொல்லுச்சு. பம்பு வரலியாமா? எங்க தோட்டத்துல ஆடு மாடுகூட பம்பு ஓடுச்சுன்னா எந்திரிச்சு தொட்டிக்கு வரும்."

"போதும்டா" என்றாள் என் மனைவி அடுப்படியில் இருந்து.

"நான் ஒண்ணும் கேக்கலக்கா. பம்பு வரல, செரி. வேற என்னதான் சொன்னீங்க மச்சான்?"

எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன். பேப்பர், பிளேட், பவர், பார்ட்டி, பைலட், பிரஸ், பாயிண்ட், பவுண்ட், பிளான்ட். டாக்டரிடம் சொன்ன அதே வரிசையில்.

அவன் உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சைத் தட்டில் வைத்தான்.

"மறுக்கா சொல்லுங்க."

மறுபடி சொன்னேன். அவன் ஒவ்வொரு சொல்லுக்கும் விரலை மடக்கி விரித்து, மடக்கி விரித்து, உதட்டுக்குள் முணுமுணுத்தான்.

"மச்சான். எழுத்த எண்ணுங்க."

ஆலையை விட்டு வந்த பிறகு என்னைப் பார்த்து 'எண்ணு' என்று யாரும் சொன்னதில்லை. எண்ணாதே என்றுதான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். எண்ணினேன். ஒவ்வொன்றும் ஐந்து. ஒன்பது சொல்லும் ஐந்தெழுத்து. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"பம்பு எத்தனை?"

"நாலு."

"போஸ்ட்?"

"நாலு."

"பென்சில்?"

"ஆறு."

"போலீஸு?"

"ஆறு."

"வந்திருக்குங்க மச்சான்! எல்லாம் வந்திருக்கு. நீங்கதான் அஞ்சு இல்லைன்னு வாசல்லயே நிறுத்தி அனுப்பிப்போட்டீங்க!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் யார் யார் என்று இப்போது முகம் தெரிந்தது. பம்ப் வந்திருந்தது. நாக்கு நுனி வரை வந்திருந்தது. என்னைக் கேட்காமலே உள்ளே இருந்து ஏதோ ஒன்று எண்ணிப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஒரு நிமிடத்தில், மணி அடிக்கும் அவசரத்தில், டாக்டர் கேட்காத நிபந்தனையையும் சேர்த்து ஒன்பது! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது.

மச்சினன் உள் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "கண்ணு, சித்த இங்க வா!"

மகன் கழுத்தில் ஹெட்போனோடு வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு நின்றபடியே விரல் விட்டு எண்ணினான். ஆனால் எண்ணி முடித்ததும் தலையை ஆட்டினான்.

"நமக்கு வேணுங்கறதால நாமளே சமாதானம் கண்டுபிடிக்கறமோ என்னவோ மாமா. அப்பா மண்டபம் மாறிப் போனாரே, அது?"

"அதுக்கும் இதுதான் கண்ணு காரணம். இந்த அஞ்செழுத்துதான்" என்றேன்.

"அப்ப டாக்டர் சொல்லட்டும்" என்றான்.

அவன் கேட்டது நியாயம். ஆதாரம் இல்லாமல் ஒத்துக்கொள்ளாத புத்தி அவனுக்கு யாரிடமிருந்து வந்தது? எனக்கு அதிலும் பெருமைதான்.

மறுநாள் நான்கு பேரும் போனோம். மச்சினன் வரவேண்டிய அவசியமே இல்லை. சாட்சி வேண்டாமா என்று காரில் முதல் ஆளாக ஏறிக்கொண்டான். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். தன் கோப்பில் எழுதி வைத்திருந்த ஒன்பது சொல்லையும் எடுத்து, பேனா முனையால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். நான்காவது சொல்லில் சிரிக்கத் தொடங்கியவர் ஒன்பதாவது வரை நிறுத்தவில்லை.

"நான் கேட்டதவிட கஷ்டமானதச் செஞ்சிருக்கறீங்க சார். சரி, இப்ப மறுபடியும் செய்யலாம். இந்தத் தடவை எழுத்து சி. மூணெழுத்தும் சரி, பத்தெழுத்தும் சரி. ஒண்ணையும் திருப்பி அனுப்பாதீங்க."

கதவைத் திறந்து விட்டேன். கப், காட், கார், கேக், கோட், காட்டன், கோன், காயின், கேமரா, சிமெண்ட், சினிமா, கலெக்டர், கோகோனட்... கோகோனட் என்றதும் மச்சினன் பின்னால் தொண்டையைக் கனைத்தான். மணி அடித்தபோது வாயில் இன்னும் மூன்று மிச்சமிருந்தன.

"இருபத்தஞ்சு" என்றார் டாக்டர்.

"இருபத்தாறுங்க" என்றேன். "நீங்க கோன எழுதல. நூல் சுத்தற கோனு."

அவர் தாளைப் பார்த்தார். கோனைச் சேர்த்தார். இருபத்தாறு என்று திருத்தி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். மகனைப் பார்த்து, "இவர நெனச்சு நீங்க கவலைப்பட வேண்டாம். தெருவுல நடக்கறப்ப மட்டும் போன பாக்கெட்ல வெச்சுக்கச் சொல்லுங்க" என்றார். அந்தக் கண்டிப்பு சரியானதுதான். அன்றிலிருந்து வீட்டுக்கு வெளியே நான் கட்டங்களைத் திறப்பதில்லை.

கிளம்பிக் கதவு வரை வந்தவன் திரும்பி நின்றேன். "டாக்டரம்மா."

"சொல்லுங்க சார்."

"பம்ப்."

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி நேராக அடுப்படிக்குப் போய், பிரித்து வைத்த பாத்திரங்களை அலமாரியில் ஏற்றத் தொடங்கினாள். அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர் வீட்டு அம்மா என்ன ஏது என்று கேட்டதற்கு, "எங்க ஊட்டுக்காரருகிட்ட டாக்டரே கணக்குல தோத்துப்போச்சுங்க" என்றாள். என்னைப் பற்றி அவள் அடுத்தவரிடம் பெருமையாகச் சொல்லி என் காதால் கேட்டது அதுதான் முதல் முறை.

மச்சினன் சாப்பிட்டுவிட்டு வெள்ளகோவில் பேருந்துக்குக் கிளம்பினான். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான். "நாளைக்கு காலைல வந்துருங்க மச்சான். அஞ்சு நாளா தனியா ஜெயிச்சு ஜெயிச்சு எனக்கு சலிச்சுப்போச்சு." அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டைக் கொண்டு ஆட்டத்தைத் தொடங்குகிறவன்தான். ஆனால் ஒன்பது சொல்லைக் காதால் கேட்டதும் அவற்றுக்குள் இருந்த ஒழுங்கைப் பிடித்தானே, அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை.

மாலையில் மகன் இடுக்கியோடு கேட்டுக்குப் போனான். நானும் கூடப் போய் நின்றேன். கம்பியை முறுக்கி அவிழ்த்தான். எட்டு முறுக்கு. பலகையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் உதடு அசைந்தது.

"இதுலயும் அஞ்செழுத்துதானுங்கப்பா" என்றான்.

"ரெண்டு சொல்லு கண்ணு. செல்லாது" என்றேன்.